பாம்பு வளர்க்கலாமா சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை நம்மூர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு படம் வந்தது. வெளிநாட்டுப் பொடியன் ஒருவன் தோளில் துவாய் போடுவது மாதிரி ஒரு பாம்பைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். மஞ்சளும் கறுப்புமாகப் பார்க்க அழகான பாம்பு. கீழே நம்முடைய பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். "இது கடிக்காதாம்." "நஞ்சு இல்லாத சாமான்." "இங்க எங்க வாங்கலாம்?" அதற்கு ஒருவர், "வாங்கிறது என்னத்துக்கு, நம்மட வட்டைக்குள்ள சும்மா கிடக்குதானே" என்று போட்டிருந்தார். அதற்குத்தான் ஆகக் கூடுதலாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்திருந்தன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்ற வருடம் என்னிடம் தரம் 8 இல் படித்த ஒரு மாணவன் அப்படித்தான் வட்டைக்குள் சும்மா கிடந்த ஒன்றைப் பிடித்து வளர்த்தான். அந்தக் கதையில் பிழை விட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிள்ளையின் பெயரையோ ஊரையோ எழுதவில்லை. அவனுடைய உம்மாவிடமும் அவனிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தில் உள்ள பாம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கார்ப்பட் பைத்தன். அவுஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் வாழும் மலைப்பாம்பு இனம். மருதமுனைச் சாரனில் நெய்த கோலம் மாதிரி உடம்பு முழுக்கக் கோலம் இருப்பதால் கம்பளம் என்று பெயர் வந்தது. பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மீற்றர் வளரும். நஞ்சு கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கி, இரத்த ஓட்டத்தை நிறுத்திக் கொல்லும். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீட்டுக் கூரைக்குள் குடியிருந்து எலி பிடித்துத் தின்னும் அளவுக்கு மனிதர்களோடு பழகிய பாம்பு. உலகத்தில் ஆட்கள் வீட்டில் வளர்க்கும் பாம்புகளில் இதுவும் பெயர்போன ஒன்று.

நம் மாணவனும் இதைத்தான் யூடியூபில் பார்த்திருக்கிறான்.

அவன் வகுப்பில் பேசாத பிள்ளை. வாப்பா கத்தாரில் சாரதி. வீட்டில் உம்மா, மூத்தம்மா, இரண்டு வயதுத் தங்கச்சி. பின்வரிசையில் யன்னலோரம் இருப்பான். கேள்வி கேட்டால் எழும்பி நிற்பான், பதில் வராது. அப்படிப்பட்டவன் ஒரு நாள் விஞ்ஞான பாடம் முடிந்து நான் வெளியே வரும்போது பின்னால் ஓடி வந்தான்.

"சேர், வெங்கிணாந்தி எத்தின நாளைக்கு ஒருக்கா சாப்பிடும்?"

வெங்கிணாந்தி என்று நாம் சொல்வது புத்தகத்தில் உள்ள மலைப்பாம்பைத்தான். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குட்டி என்றால் கிழமைக்கு ஒரு தடவை, பெரிதென்றால் மாதம் ஒன்றுகூடச் சாப்பிடாமல் கிடக்கும் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த நாள் இன்னொரு கேள்வி. "அதுட கண் வெள்ளையாகினா குருடாகிட்டா சேர்?" இல்லை மகன், தோல் கழட்டப் போகுது என்று அர்த்தம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. பார்க்காத பிள்ளை இந்தக் கேள்வி கேட்காது.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு. அதற்குள் மீன் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டி ஒன்று. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மேலே இரண்டு செங்கல் வைத்திருந்தான். உள்ளே இரண்டு அடி நீளத்தில் ஒரு குட்டி. சிறுபோக வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கிய அன்று, வரம்பு ஓரத்தில் சுருண்டு கிடந்ததாம். உர பேக்குக்குள் போட்டுச் சைக்கிளில் கொண்டு வந்திருக்கிறான்.

"உம்மா ஒண்டும் சொல்லல்லையா மனே?"

"உம்மாக்குப் பூன ஏலா சேர், இழுப்பு வரும். நாய் வளத்தா மலக்குமார் வரமாட்டாங்க எண்டு மூத்தம்மா சொன்னாங்க. பாம்பப் பத்தி ஆரும் ஒண்டும் சொல்லல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பேசாத பிள்ளை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் திகதி போட்டு எழுதியிருந்தான். எத்தனை மணிக்குத் தண்ணீர் வைத்தான், எங்கே சுருண்டு கிடந்தது, நாக்கை எத்தனை தடவை நீட்டியது என்றெல்லாம். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியில் நிற்கும் பிள்ளை, ஒன்பது பக்கம் எழுதியிருந்தான்.

நான் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சட்டைப் பையில் சிவப்புப் பேனை இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சரி போட்டு, ஒரு இடத்தில் "நன்று" என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் ஆரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை தன் கண்ணால் பார்த்து, கையால் செய்து படிக்க வேண்டும் என்று கலாசாலையில் படித்ததை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் மாணவன் ஒருவன் திறந்துகொண்டான் என்ற பெருமை எனக்குப் பெரிதாக இருந்தது. பாம்பின் நிலைமை எனக்குச் சின்ன விசயமாகத் தெரிந்தது.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். பாம்பு வளர்க்கலாமா? இதில் நல்லது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் பிள்ளைகள் நம்பவும் மாட்டார்கள்.

வளர்ப்பவர்கள் சொல்லும் நல்லவை இவை. சத்தம் போடாது. முடி கொட்டாது, எனவே இழுப்பு உள்ள வீட்டுக்குத் தொல்லை குறைவு. சின்ன இடம் போதும். கிழமைக்கு ஒரு தடவை, வளர்ந்த பிறகு இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை சாப்பாடு. கார்ப்பட் பைத்தன் மாதிரியான இனங்கள் பல தலைமுறையாகக் கூட்டிலேயே பொரித்து வந்தவை, கையில் எடுத்தால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை ஒன்று, பயம் போகிறது. பாம்பை ஒரு தடவை கிட்ட நின்று பார்த்த பிள்ளை, வளர்ந்த பிறகு கண்ட பாம்பையெல்லாம் மண்வெட்டியால் வெட்ட மாட்டான். இதை என் மாணவனிடமே கண்டேன். அவனுக்கு அந்தக் குட்டி மேல் இருந்தது உண்மையான பாசம்.

ஒரு நாள் என்னிடம் கேட்டான், "அதுட உம்மா தேடாதா சேர்?" நான் சொன்னேன். வெங்கிணாந்தியின் உம்மா முட்டையிட்டதும் அதைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். இரண்டு மாதமளவில் அப்படியே கிடக்கும், சாப்பிடவும் போகாது. குளிர் வந்தால் தன் உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கி முட்டைக்குக் கொடுக்கும். பாம்புகளில் இப்படிச் செய்பவை மிகக் குறைவு. ஆனால் குட்டி பொரித்த பிறகு உம்மா தன் வழியில் போய்விடும், குட்டி தன் வழியில் போகும். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப தனியா இருக்கப் பழகின சாமான்" என்றான்.

சரி, கெட்டவை எவை?

முதலாவது சட்டம். வெங்கிணாந்தி நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. அதன்படி அதைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, கொல்வது எல்லாமே குற்றம். இந்தியாவிலும் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது முதலாம் அட்டவணையில் உள்ளது. அதைத் தோலுக்காகவும் உயிரோடும் நாடு விட்டு நாடு கடத்தாமல் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்திலும் அது ஆக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. "வட்டைக்குள்ள சும்மா கிடக்கு" என்ற தம்பி இதைக் கவனிக்க வேண்டும். சும்மா கிடப்பதெல்லாம் நம்முடையது ஆகாது.

அவுஸ்திரேலியாவில் வளர்க்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே மாநில அனுமதிப்பத்திரம் எடுத்து வளர்க்கிறார்கள். தங்கள் நாட்டுப் பாம்பை வியாபாரத்துக்காக உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்பவும் அந்த நாடு விடுவதில்லை. யூடியூபில் காண்பவை கூட்டில் பிறந்து கூட்டில் வளர்ந்தவை. அதைப் பார்த்துவிட்டு வயலில் பிறந்த வெங்கிணாந்தியைப் பெட்டிக்குள் போடுவது, பண்ணைக் கோழியைப் பார்த்துவிட்டுக் காட்டுக் கோழியைப் பிடித்து அடைப்பது மாதிரி.

இரண்டாவது சூடு. பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்திருக்க முடியாது. வெயிலுக்குப் போகும், நிழலுக்கு வரும், புற்றுக்குள் இறங்கும். அப்படி இடம் மாறித்தான் அது சூட்டைச் சரிப்படுத்துகிறது. முறையாக வளர்ப்பவர்கள் கூட்டின் ஒரு பக்கத்தை 31, 32 பாகையிலும் மறுபக்கத்தை அதைவிடக் குளிராகவும் வைத்து, கருவி போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுப் பெட்டியில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தகரச் சாய்ப்புக்குள் மத்தியானம் நாமே நிற்க முடியாது.

மூன்றாவது சாப்பாடு. அதற்குச் சோறும் மீனும் போட முடியாது. முழு எலி, முழுக் குஞ்சு வேண்டும். பிடித்து வந்த காட்டுப் பாம்பு பல நேரம் சாப்பிடவே சாப்பிடாது. என் மாணவன் கோழிக் குஞ்சு வைத்தான், பல்லி வைத்தான், வயலெலி பிடித்துக் கொண்டுவந்து வைத்தான். அது ஒன்றையும் தொடவில்லை.

நான்காவது வீட்டில் இருப்பவர்கள். பாம்பு, ஆமை போன்றவற்றின் உடம்பில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பார்த்தால் தெரியாது. கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். அந்தத் தங்கச்சி பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து விளையாடியதை நான் கண்டேன். கண்டும் எனக்கு அது தோன்றவில்லை.

ஐந்தாவது காலம். கார்ப்பட் பைத்தன் கூட்டில் இருபது வருடம் வாழும். நம் வெங்கிணாந்தி மூன்று மீற்றரையும் தாண்டி வளரும். தரம் 8 பிள்ளை இன்று ஆசைப்பட்டு எடுப்பது, அவனுக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்த பிறகும் வீட்டில் கிடக்கும். அப்போது ஆர் அதைப் பார்ப்பது?

ஆறாவது, நம் பகுதிக்கு ஆக முக்கியமானது. குட்டி வெங்கிணாந்தியையும் கண்ணாடி விரியனையும் மாறிப் பிடிப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டும் மண்ணிறம், இரண்டிலும் புள்ளி, இரண்டும் வரம்பு ஓரத்திலும் வைக்கோலுக்குள்ளும் சுருண்டு கிடக்கும். விரியனின் புள்ளிகள் சங்கிலி போல ஒழுங்காக வரிசையில் இருக்கும், வெங்கிணாந்தியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பெரிதாக இருக்கும் என்று புத்தகத்தில் படிக்கலாம். பொழுது படும் நேரத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துப் பிரிப்பானா? நம் விவசாயிகளைக் கடித்துக் கொல்லும் பாம்புகளில் கண்ணாடி விரியன் முன்னுக்கு நிற்பது. அன்று உர பேக்குக்குள் போனது விரியனாக இருந்திருந்தால் என்று யோசிக்க எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஏழாவது, ஆசை தீர்ந்த பிறகு நடப்பது. இதற்கு உலகம் அறிந்த பாடம் அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கிறது. அங்கே பர்மியப் மலைப்பாம்பை, அதாவது நம் வெங்கிணாந்தியின் நெருங்கிய சொந்தத்தை, ஆசைக்கு வாங்கி வளர்த்தார்கள். பெரிதானதும் வைத்திருக்க ஏலாமல் சதுப்புக் காட்டில் விட்டார்கள், சில தப்பியும் ஓடின. எவர்கிளேட்ஸ் என்ற அந்தக் காட்டில் அவை பெருகிவிட்டன. 2012 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, முன்பு சாதாரணமாகத் தெரு ஓரத்தில் காணும் ரக்கூன் என்ற விலங்கைக் காண்பது 99 வீதம் குறைந்துபோனது.

அந்தப் பாம்புகளைப் பிடிப்பதற்கு 2017 ஆம் ஆண்டு அமெரிக்கர்கள் ஆரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? தமிழ்நாட்டு இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பேரை. புளோரிடாப் பல்கலைக்கழகம் அவர்களைக் கொண்டுபோனது. ஒரு கிழமை சொச்சத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள், அதில் ஒன்று 16 அடி. நவீன கருவி ஒன்றும் இல்லை. தடம் பார்த்து, புல் சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பிடித்தார்கள். 2023 இல் இருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

அவர்களுடைய சமூகத்தைப் பற்றி வகுப்பில் நான் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். சட்டம் அதைத் தடுத்த பிறகு 1978 இல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நாகம், விரியன் போன்றவற்றைப் பிடித்து, சில கிழமை வைத்திருந்து, நஞ்சு எடுத்து, பிறகு கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் செய்யும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அவர்களிடமிருந்தே போகிறது. நம் ஆஸ்பத்திரிகளில் பாம்புக் கடிக்கு ஏற்றும் மருந்தும் இந்தியாவிலிருந்து வருவதுதான். எத்தனையோ விவசாயிகளின் உயிர் அந்த மனிதர்களின் கையில் இருந்திருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே அக்கரைப்பற்றுக்கு உள்ளே அளிக்கம்பையில் வனக்குறவர் சமூகம் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். முந்திய தலைமுறை ஊர் ஊராக வந்து பாம்பாட்டி வாழ்ந்தவர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மகுடிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் நிற்போம். பாம்போடு பிறந்து வளர்ந்த அந்த மக்களின் பிள்ளைகளே இன்று அந்தத் தொழிலை விட்டு வேறு வழிக்குப் போகிறார்கள். நாம் யூடியூபைப் பார்த்துத் தொடங்கப் பார்க்கிறோம்.

இனி அந்தப் பத்தாம் நாளுக்கு வருகிறேன்.

அன்று காலையில் அவன் கொப்பியை மீண்டும் என் மேசையில் வைத்தான். முகம் சரியில்லை. நான் பின்னேரம் போனேன். குட்டி தோல் கழட்டியிருந்தது. ஆனால் ஒரே உறையாகக் கழரவில்லை, துண்டு துண்டாகக் கிழிந்து உடம்பில் ஒட்டிக் கிடந்தது. கண்ணுக்கு மேலேயும் பழைய தோல் ஒட்டியிருந்தது. உடம்பில் ஈரம் பற்றாவிட்டால் அப்படி ஆகும். மூக்கு நுனி பச்சைப் புண். பெட்டியின் மூடியோரம் சுற்றிச் சுற்றி முட்டி முட்டி, தோல் உரிந்து சிவந்திருந்தது.

நான் கொப்பியைத் திருப்பினேன். மூன்றாம் நாள் பக்கத்தில் அவன் எழுதியிருந்தான், இரவில் பெட்டியை முட்டிக்கொண்டே இருக்கிறது, மூக்கு சிவந்திருக்கிறது என்று. அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் என் எழுத்து. "நன்று."

நான் வாசிக்கவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது, வசனம் சரியாக இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, அவன் என்ன சொல்கிறான் என்று வாசிக்கவில்லை. அந்தப் பிள்ளை கண்டதைக் கண்டபடி எழுதி உதவி கேட்டிருக்கிறான். நான் புள்ளி போட்டிருக்கிறேன்.

அன்றிரவு 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். அடுத்த நாள் இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். உம்மா பயந்து அழுதுவிட்டார். வந்தவர்கள் சத்தம் போடவில்லை. இப்படி வைத்திருப்பது குற்றம் என்று எடுத்துச் சொல்லி, இனிச் செய்யாதே தம்பி என்று எச்சரித்து, குட்டியைத் துணிப்பையில் போட்டார்கள். காயம் ஆறிய பிறகு தோதான காட்டில் விடுவோம் என்றார்கள். எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நினைக்க வேண்டாம். சட்டம் சட்டம்தான்.

பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றான். வாகனம் போன பிறகு என்னிடம் சொன்னான், "சேர் என்னக்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே."

அவன் சொன்னது சரி. முன்கூட்டிச் சொன்னால் இரவோடு இரவாக எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவானோ என்று பயந்தேன். ஆனால் நான் பத்து நாள் அவனை நம்பியது மாதிரி நடித்துவிட்டு, பதினோராம் நாள் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு தவணை முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. கேட்டால் எழும்பி நிற்பான். பதில் வராது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். நான் ஆலிம் அல்ல, சட்டம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆபத்தான பாம்பைக் கொல்வது பற்றியும் வளர்ப்பது பற்றியும் உலமாக்களிடம் கேளுங்கள். நாம் எல்லாரும் சின்ன வயதில் மத்ரஸாவில் கேட்ட இரண்டு சம்பவங்களை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு குருவி வளர்த்தான். நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவனிடம் அன்பாக விசாரித்தார்கள். பிள்ளைகள் பிராணி வளர்க்கும் ஆசையை நம் மார்க்கம் வெறுக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. மற்றது, ஒரு பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் சம்பவம். அவள் தானும் உணவு கொடுக்கவில்லை, அதுவாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அதற்காகத் தண்டிக்கப்பட்டாள்.

என் மாணவன் சாப்பாடு கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், இரவு எழும்பி எழும்பிப் பார்த்தான். ஆனாலும் அந்தப் பெட்டி அதுவாகத் தேடித் தின்ன விடவில்லை. பாசம் இருந்தும் சிறை சிறையாகவே இருந்தது. இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். நாய், பூனை, ஆடு எல்லாம் ஆயிரக்கணக்கான வருடம் மனிதனோடு வாழ்ந்து பழகியவை. நம்மைக் கண்டால் ஓடி வரும். வயலில் பிறந்த பாம்புக்கு நாம் வேண்டியதே இல்லை. கையில் அமைதியாகக் கிடந்தால் அது நம்மில் பாசம் வைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நம் கைச்சூட்டில் கிடக்கிறது, அவ்வளவுதான். அதற்கு நாம் செய்யக்கூடிய ஆகப் பெரிய உபகாரம், அதை அதன்பாட்டில் விடுவது.

அதன்பாட்டில் விட்டால் அது நமக்கு வேலையும் செய்கிறது. நாவிதன்வெளியில் நெல் விதைக்காத குடும்பம் குறைவு. எலி வெட்டிய பயிரைப் பார்த்து நெஞ்சு வெடித்தவர்கள் நாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். 2008 ஆம் ஆண்டு மட்டும் நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் நோயாளிகளாகப் பதிவானார்கள். வயலில் இறங்குமுன் சுகாதார உத்தியோகத்தர்கள் குளிசை தருவது இதற்காகத்தான். வெங்கிணாந்தியும் சாரையும் வரம்புக்குள் இருந்து எலி பிடிக்கின்றன. அவை மட்டும் எலிக்காய்ச்சலை ஒழித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. சம்பளம் கேட்காமல் வேலை செய்பவரைப் பிடித்துப் பெட்டியில் போடாதீர்கள், மண்வெட்டியால் வெட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கோழி பிடிக்கிறதே, ஆட்டுக்குட்டியை விழுங்குகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். பெரிய வெங்கிணாந்தி ஆட்டுக்குட்டியை விழுங்கும். நட்டப்பட்டவருக்கு அது சின்ன விசயம் அல்ல. கோழிக்கூட்டுக்குச் சின்னக் கண் வலை அடிப்பதும், ஆட்டை இரவில் பட்டியில் அடைப்பதும், வளவைத் துப்புரவாக வைத்திருப்பதும்தான் வழி. மாரியில் கிட்டங்கியில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்களில் நாம் மேட்டுக்கு ஓடுவது மாதிரி அவையும் ஓடி வரும். அந்த நேரம் விறகுக் குவியலுக்குள்ளும் குசினிக்குள்ளும் காணக் கிடைக்கும். வந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு 1992 க்கு அழையுங்கள். என்ன பாம்பென்று நாமாகத் தீர்மானித்துக் கையில் எடுக்க வேண்டாம். கடி பட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இந்தப் பதிவை எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடம் போன கிழமை கேட்டேன். இப்போது தரம் 9. குரல் உடைந்து, உயர்ந்தும் விட்டான். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எழுதுங்க சேர். ஆனா நீங்க பத்து நாள் பேசாம இருந்த கதையையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன் மனே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை பாம்பு, பறவை, பூச்சி என்று ஆசைப்பட்டால் அடித்து விரட்டாதீர்கள். அது நல்ல ஆசை. கூட்டிக்கொண்டுபோய்த் தூரத்தில் நின்று பார்க்கப் பழக்குங்கள். ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பாம்பை வட்டைக்குள் விட்டுவிட்டு, கொப்பியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவப்புப் பேனையைத் திறக்க முன்னர் வாசியுங்கள்.

அந்தக் குட்டி இன்று எந்தக் காட்டில் இருக்கிறதோ, காயம் ஆறி நல்லபடி இருக்க அல்லாஹ் போதுமானவன். பயனுள்ளது என்று கண்டால் உங்கள் ஊர்க் குழுமங்களிலும் பகிர்ந்து விடுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்தும் காட்டுங்கள்.